கணிதமேதை இராமானுஜன் : முதல் தலைமுறை மாணவர் ஒருவரின் கடற்பயணம்

நம் திருவள்ளூர் மாவட்டத்தின் கீழெல்லை கடல். பழவேற்காட்டுத் துறையிலிருந்து ஒரு காலத்தில் துணி மூட்டைகள் கீழைக் கடல் நாடுகளுக்குக் கப்பலேறிச் சென்றன. இன்று எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் இயங்குகின்றன. பொருள் தேடிக் கடல் கடப்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. கல்வி தேடிக் கடல் கடந்தோர் தொகையோ அதனினும் மிகக் குறைவு. அச்சிலருள் ஒருவர் துணிக்கடைக் குமாஸ்தாவின் மகன். தாமும் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர்தாம் கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

நம் மாவட்டத்துத் திருத்தணியில் பிறந்து ஆக்ஸ்போர்டுப் பேராசிரியராக உயர்ந்த டாக்டர் இராதாகிருஷ்ணனை விடுத்து, இராமானுஜனை நாம் இம்மலருக்குத் தேர்ந்தது ஏன் என்று பெரியோர் வினவலாம். இராதாகிருஷ்ணன் நம் நாட்டிலேயே கற்றுத் தேர்ந்து, கற்பிப்பதற்காக அயல்நாடு சென்றவர். இராமானுஜனோ கற்பதற்காகச் சென்றவர். நம் மாணாக்கருள் பலரும் இன்று எண்ணிப் பார்க்கும் பயணம் அதுவே.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் முறைப்பணி செய்யும் தந்தையர், பழவேற்காட்டு ஏரியில் வலை வீசும் தந்தையர், பொன்னேரி வட்டாரத்தில் நெல் விளைவிக்கும் தந்தையர் ஆகியோரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். முதல் பட்டதாரி என்னும் தொடர் இன்று அரசுச் சான்றிதழிலேயே இடம்பெற்றுவிட்டது. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் கல்வித் தகுதியைக் கேட்கும் கட்டத்துக்கு வரும்போது எழுதுகோல் சற்றே தயங்கி நிற்பதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். இம்மாணவர்கள் மேற்படிப்புப் பற்றி நம்மிடம் வரும்போது முதலில் கேட்பது தம்மால் இயலுமா என்பதன்று. இதனை யாரிடம் கேட்பது என்பதே. அந்த வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு இராமானுஜன் வாழ்வை ஒருமுறை நோக்குவோம்.

பிறப்பும் இளமையும்

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். மாத வருவாய் 20 ரூபாய் அளவே. தந்தைவழிப் பாட்டனாருக்கும் அதுவே தொழில். தாய்வழிப் பாட்டனார் ஈரோட்டு நீதிமன்றத்தில் அமீனா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடிச் சிறு வருவாய் பெற்றார். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் சிறிய வீடு. கல்லூரி என்பது அவ்வீட்டாருக்குப் பழக்கமில்லாத இடம்.

ஆயினும் கல்லூரியின் காற்று அவ்வீட்டினுள் வேறொரு வழியாகப் புகுந்தது. குடும்பச் செலவை ஈடுகட்ட, கல்லூரி மாணவர் இருவர்க்கு அங்கே தங்க இடமும் உணவும் அளித்தனர். சிறுவர் இராமானுஜன் அவ்விருவரிடமும் கணக்குக் கேட்கத் தொடங்கினார். பதினொரு வயதிற்குள் அவர்கள் அறிந்த கணிதம் முழுவதையும் கேட்டு முடித்துவிட்டார். பின்னர் லோனி என்பார் எழுதிய முக்கோணவியல் நூல் கைக்கு வந்தது. அதையும் தாமே கற்று முடித்தார். 1897-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்தின் முதல் மாணவராகத் தேறி நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

1903-ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்பம். கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்க நூலொன்று அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர் வழியாக அவருக்குக் கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள் அதில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. தேர்வுக்கு ஆயத்தமாவோர்க்கு நினைவூட்டும் பொருட்டு எழுதப்பட்ட நூலாதலின், நிறுவல்கள் பெரும்பாலும் விடப்பட்டிருந்தன. சிலவற்றுக்குக் குறிப்பு மட்டும் உண்டு. கணித நூல் என்பது இப்படித்தான் இருக்கும் போலும் என்று அவ்விளைஞர் எண்ணிக்கொண்டார். விடையை எழுதுவார், அவ்விடைக்கு வந்த வழியை எழுதமாட்டார். அது வேறு வகை நூல் என்று எடுத்துரைப்பார் அருகில் எவருமில்லை. இப்பழக்கம் பின்னாளில் அவருக்கு எத்துணைத் தடையாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

கல்லூரி வாயிலில் இருமுறை

1904-இல் பள்ளியிறுதியில் கணிதப் பரிசும் கல்லூரி உதவித்தொகையும் பெற்றுக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் நுழைந்தார். அங்கே கணிதத்தைத் தவிர வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. கட்டணம் செலுத்தக் குடும்பத்தால் இயலவில்லை. 1905 ஆகஸ்டில், வீட்டில் எவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். மகனைக் காணாத பெற்றோர் நாளிதழ் வாயிலாகத் தேடினர்.

1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் சேர்ந்தார். கணிதத் தாளை ஒதுக்கிய நேரத்தில் ஒரு சிறு பகுதியிலேயே முடித்துவிடும் அவர், உடலியல் தாளில் தோற்றார். அவ்வாண்டு இறுதியில் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி, 1907-இல் மறுமுறை எழுதியும் தோல்வி. இருபது வயதில் பட்டமில்லை, பணியில்லை. 1909-இல் குளித்தலைப் பக்கத்து இராசேந்திரம் ஊரைச் சேர்ந்த ஜானகியை மணமுடித்து வைத்தனர், பொறுப்பும் சேர்ந்துகொண்டது.

நிலுவைத் தாள் வைத்திருக்கும் மாணவர் இப்பகுதியைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டுகின்றோம். இராமானுஜன் தோற்றதைப் பெருமையாகச் சொல்ல நாம் முன்வரவில்லை. அத்தோல்வி அவரை ஐந்தாறு ஆண்டுகள் வறுமையில் அலைய வைத்தது. அந்நாளைய தேர்வு முறை அனைத்துப் பாடங்களிலும் தேர்ச்சி கேட்டது. ஒரு பாடத்தில் தவறினாலும் உதவித்தொகை இழக்க நேரும், அதனை இழந்தால் கல்லூரியே கைவிட்டுப் போகும், ஆதலின் ஏனைய பாடங்களிலும் தேறும் அளவேனும் படித்துக்கொள்க என்று அமர்ந்து விளக்கிச் சொல்ல அவர் வீட்டில் அவ்வழி நடந்தவர் ஒருவரும் இலர் என்பதே நாம் இங்குக் கருதத்தக்கது.

துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா

மூடிய கதவுகள் ஒருவர் பின் ஒருவராக வந்த மனிதர்களால் திறந்தன. 1910-இல் இராமானுஜன் தம் குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்கே துணை ஆட்சியராக இருந்த இராமசாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். வந்தவர் கேட்டதோ வருவாய்த்துறையில் ஒரு சிறு பணி. குறிப்பேட்டைப் புரட்டிய இராமசாமி ஐயர், இவரை அலுவலக மேசைக்குள் அடைத்தல் தகாது என்று கருதிச் சென்னைக் கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். அவ்வழியே, நம் வட எல்லைக்கு அப்பாலுள்ள நெல்லூரில் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் அறிமுகமானார். அவர் மாதம் 25 ரூபாய் தம் கைப்பொருளிலிருந்து அளித்தார். 1911-இல் கணிதக் கழக இதழில் இராமானுஜனின் முதற் கட்டுரை வெளியாயிற்று.

பிறர் பொருளில் நெடுநாள் வாழ அவர் மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். தாள் வாங்கப் பொருளில்லாமையால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதித்துக்கொள்வது அவர் வழக்கம். அங்குத் தலைமைக் கணக்கராயிருந்த நாராயண ஐயரும் கணிதம் பயின்றவர். இரவு நேரங்களில் இருவரும் சிலேட்டும் கையுமாக அமர்ந்தனர். இடைப்படிகளைத் தாண்டிச் செல்லாமல் பிறர்க்கும் விளங்குமாறு எழுதுக என்று அவரை வற்புறுத்திய முதல் நண்பர் நாராயண ஐயரே. கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இக்குமாஸ்தாவின் தகுதியறிந்து துணைநின்றார்.

ஒரு கடிதம்

கேம்பிரிட்ஜ்ப் பெருமக்கள் இருவர்க்கு எழுதிய கடிதங்களால் பயன் விளையவில்லை. மூன்றாவதாக, 1913 ஜனவரி 16 நாளிட்டு, டிரினிட்டிக் கல்லூரியின் ஹார்டிக்கு எழுதினார். தாம் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கு வாய்க்கவில்லை என்பதையும் மறைக்காமல் முதலிலேயே கூறிவிட்டு, நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்களை இணைத்திருந்தார். ஹார்டியும் அவர்தம் நண்பர் லிட்டில்வுட்டும் அத்தாள்களை ஆராய்ந்தனர். சில தேற்றங்கள் முன்பே அறியப்பட்டவை, சில தவறானவை, சிலவோ அவ்விருவரும் அதுவரை கண்டறியாதவை. இவற்றை எழுதியவர் முதல்தரக் கணித அறிஞர் என்று முடிவு செய்தனர்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நம் ஆசிரியப் பெருமக்கள் கருத வேண்டும். ஹார்டியின் பெற்றோர் இருவரும் கற்பிக்கும் பணியில் இருந்தவர்கள், கணித நாட்டமுடையவர்கள், ஆயினும் பொருள் வசதியின்மையால் பல்கலைக்கழகம் செல்லாதவர்கள். பல்கலைக்கழகத்தைத் தம் குடும்பத்தில் முதன்முதல் கண்ட பிள்ளையாகவே ஹார்டியும் டிரினிட்டிக்கு வந்தார். முன்பின் அறியாத ஒரு குமாஸ்தாவின் கடிதத்தை ஒதுக்கிவிடாமல் படித்த உள்ளம் அத்தகைய வீட்டில் வளர்ந்தது.

பிப்ரவரியில் மறுமொழி வந்தது. நிறுவல்களை அனுப்புமாறு அதில் கேட்கப்பட்டிருந்தது. அம்மடல் சென்னையில் அவர் மதிப்பை உயர்த்திற்று. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்து எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகை பெற முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி, இராமானுஜனோ எஃப்.ஏ. கூடத் தேறாதவர். சென்னைப் பல்கலைக்கழகம் அவ்விதியை அவர் பொருட்டு விலக்கி, 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வழங்கிற்று. தேர்வு மூடிய கதவைப் பல்கலைக்கழகமே திறந்த நிகழ்ச்சி இது.

கடற்பயணம்

ஹார்டி அழைத்தவுடன் இராமானுஜன் புறப்பட்டுவிடவில்லை. கடல் கடத்தல் தகாது என்பது அவர் பிறந்த சமூகத்தின் அந்நாளைய கட்டுப்பாடு. தாயார் இசையவில்லை. 1914 தொடக்கத்தில் விரிவுரையாற்றச் சென்னைக்கு வந்த நெவில் என்னும் இளம் கணித அறிஞர், உணவு, ஆங்கில அறிவு, செலவு, தேர்வு எழுத வேண்டுமோ என்னும் அச்சம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் அவரோடு பேசி ஐயம் நீக்கினார். குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் விடையளித்ததாகக் கூறித் தாயாரும் இசைந்தார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும் பயணச் செலவும் ஒதுக்கிற்று. அதிலிருந்து மாதந்தோறும் 60 ரூபாய் பெற்றோருக்குச் சேருமாறு இராமானுஜன் ஏற்பாடு செய்தார். முதல் தலைமுறை மாணவர் உதவித்தொகை பெற்றால் அதில் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

குடுமியைக் களைந்து மேனாட்டு உடை அணிய வேண்டியிருந்தது. அக்கோலத்தில் தம்மைக் காண நேராதவாறு தாயையும் மனைவியையும் முன்னரே கும்பகோணத்துக்கு அனுப்பிவைத்தார். 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. ஈராண்டுகளுக்கு முன் குமாஸ்தாவாக நுழைந்த அதே துறைமுகம் அவரை மாணவராக வழியனுப்பிற்று. அப்போது அவர்க்கு வயது இருபத்தாறு.

கற்றுக்கொண்டவை

ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் அடைந்த இராமானுஜன் முதலிரு திங்கள் நெவில் இல்லத்திலேயே தங்கிப் பின் கல்லூரி விடுதிக்கு மாறினார். அவர் கற்க வேண்டியிருந்ததோ புதிய தேற்றங்களையன்று. தேற்றத்தை நிறுவும் முறையை.

ஹார்டிக்கு எழுதிய முதற் கடிதங்களிலேயே பகா எண்களைக் கணக்கிட ஒரு வாய்பாட்டை இராமானுஜன் கூறியிருந்தார். சிறிய எண்களுக்கு அது வியப்பூட்டும் அளவிற்குப் பொருந்திற்று, பேரெண்களுக்குப் பொருந்தாது. சிக்கலெண் சார்புகளின் கணிதத்தை அவர் கற்றிராததே அப்பிழைக்குக் காரணம். உள்ளுணர்வு எத்துணைக் கூர்மையுடையதாயினும் எங்கோ ஓரிடத்தில் வழுவும். வழுவிய இடத்தைக் காட்டுவது நிறுவலே. இதனை ஒப்புக்கொள்வது எளிதன்று. ஊரில் எவரும் அறியாத கணிதத்தைத் தனியே கண்டவர், முப்பதை நெருங்கும் வயதில் மீண்டும் மாணவராக அமர்ந்தார். விரிவுரைகள் சிலவற்றுக்கும் சென்றார். ஹார்டியும் அளவறிந்து கற்பித்தார். பாடத்திட்டம் முழுவதையும் முறைப்படி திணித்தால் அவ்வூற்று வறண்டுவிடும் என்று அஞ்சி, வேண்டுவனவற்றை மட்டும் உடனிருந்து விளக்கினார். கற்பித்ததைவிடத் தாம் கற்றதே மிகுதி என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இவ்வுறவின் கனிகளுள் ஒன்றை மட்டும் சுட்டுவோம். நான்கு என்னும் எண்ணைக் கூட்டல் வடிவில் பிரித்தெழுத ஐந்து வழிகள் உண்டு: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. எண் வளர வளர வழிகள் பெருகும். 200 என்னும் எண்ணுக்கு அவை ஏறத்தாழ 3 இலட்சத்து 97 ஆயிரம் கோடி. எந்த எண்ணுக்கும் அத்தொகையை மிக நெருக்கமாகத் தரும் வாய்பாட்டை இருவரும் இணைந்து 1918-இல் வெளியிட்டனர். மக்மகோன் என்பார் கைக்கணக்காகப் போட்டு வைத்திருந்த விடையோடு அது பொருந்திற்று. இராமானுஜனின் உள்ளுணர்வும் ஹார்டியின் நிறுவல் திறமும் சேராதிருந்தால் இவ்வாய்பாடு பிறந்திராது. அயல்நாட்டுக் கல்வி இராமானுஜனுக்கு அறிவைப் புதிதாகத் தரவில்லை. தம் அறிவைப் பிறர் ஐயமின்றி ஏற்கும் வடிவில் வைக்கும் ஆற்றலைத் தந்தது.

1916 மார்ச்சில் ஆராய்ச்சி வழியாகக் கேம்பிரிட்ஜ் இளங்கலைப் பட்டம் பெற்றார். எஃப்.ஏ. தேறாதவர் நேரே பட்டதாரியானார். 1918 மே மாதம் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்வு பெற்ற முதல் இந்தியரும் ஆனார்.

யாரும் சொல்லாதவை

இதுகாறும் கூறியவை பலரும் அறிந்தவை. இனிக் கூறப்போவது வெளிநாடு செல்ல விழையும் மாணவரும் அனுப்பத் தயங்கும் பெற்றோரும் அறிய வேண்டியவை.

இராமானுஜன் சென்ற முதல் ஆண்டுக் குளிர்காலத்தில், அங்கே பயின்றுகொண்டிருந்த மகலனோபிஸ் அவர் அறைக்குச் சென்றார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த அறிஞர் அவர். இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்றும், மேற்சட்டை அணிந்து சால்வை போர்த்தியும் நடுங்குவதாகவும் இராமானுஜன் கூறினார். மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் பல மெத்தையின் ஓரங்களில் செருகப்பட்டு, மேலே விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுத்தல் வேண்டும் என்பதை இராமானுஜன் அறியார். விரிப்பின் மேலேயே படுத்து வந்திருக்கின்றார். கம்பளி அவர் படுக்கையிலேயே இருந்தது. அஃது அங்கே இருக்கின்றது என்று சொல்வார் இல்லை.

வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளையின் நிலை பெரும்பாலும் இதுவே. உதவித்தொகையும் நூலகமும் பேராசிரியரும் அவனுக்கும் உரியவை. அவற்றைக் கேட்டுப் பெறலாம் என்பதை அவன் அறியான். கேட்டால் அறியாமை வெளிப்படும் என்று அஞ்சிக் குளிரில் கிடப்பான்.

சென்ற சில திங்களில் முதல் உலகப் போர் மூண்டது. லிட்டில்வுட் போர்ப்பணிக்குச் சென்றார். இந்திய மாணவர் தொகை குறைந்தது. புலால் உண்ணாத இராமானுஜன் கல்லூரி உணவுக் கூடத்தை விடுத்துத் தாமே சமைத்தார். போரினால் காய்கறியும் பாலும் அருகின. முப்பது மணிநேரம் தொடர்ந்து உழைத்துப் பின் இருபது மணிநேரம் உறங்கும் ஒழுங்கற்ற வாழ்வும் சேர்ந்தது. ஒருமுறை இந்திய நண்பர் ஒருவரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்துத் தாமே பரிமாறினார். மூன்றாம் முறை இரசம் வேண்டாம் என்று அவர்கள் கூறியதும், எழுந்து வெளியேறி நாள் சில கழித்தே திரும்பினார். எத்துணைத் தனிமை உள்ளே திரண்டிருந்தால் ஒரு சிறு மறுப்பு அவ்வாறு தைக்கும்!

1917-இல் நோய் பற்றிற்று. காசநோய் என்று மருத்துவர் கருதினர். மருத்துவ இல்லங்களில் மாறி மாறித் தங்க நேர்ந்தது. ஊரில் தாயாருக்கும் மருமகளுக்கும் இணக்கமில்லை. ஜானகி எழுதிய மடல்கள் கணவரை அடையவில்லை. கணவர் எழுதியவையும் அவரிடம் சேரவில்லை. மனைவி தம்மை மறந்தாரோ என்று கணவரும், கணவர் தம்மை மறந்தாரோ என்று மனைவியும் வருந்தினர். 1918 தொடக்கத்தில், இலண்டனில் சுரங்க இரயில் வரும் பாதையில் இராமானுஜன் விழுந்தார். நிலைய ஊழியர் வண்டியை நிறுத்தியதால் உயிர் பிழைத்தார். நாள்தோறும் உடனிருந்து பணியாற்றிய ஹார்டியும், அம்மனிதர் அத்துணைத் துயருற்றிருந்ததை முன்னரே அறியவில்லை. கணிதத்தைப் பற்றி அனைத்தையும் பேசிய இருவர், வீட்டைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

அவர் நோய்க்குறிப்புகளைப் பின்னாளில் ஆராய்ந்த யங் என்னும் மருத்துவ அறிஞர், அது காசநோயாக இராமல், இளமையில் வந்த சீதபேதியின் எச்சமான ஈரல் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994-இல் எழுதினார். அவ்வாறாயின், அந்நாளிலேயே மருந்து இருந்த நோய் அது. நோய்க்கு முந்திய வரலாற்றை மருத்துவரிடம் ஒளியாமல் உரைப்பதும் அயல்நாட்டில் வாழ்வோர் கற்க வேண்டிய கல்வியே.

திரும்பிய கப்பல்

போர் ஓய்ந்தபின் நாடு திரும்ப முடிவாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது. 1919 ஜனவரி 11 அன்று, நோயுற்ற நிலையில், இலண்டனிலிருந்து பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தம் தேவைக்கு அத்தொகை மிகுதி என்றும், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுனும் தம் இன்றியமையாச் செலவும் போக எஞ்சியதை ஏழைச் சிறுவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணச் சலுகைக்கும் நூல்களுக்கும் செலவிட வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். கட்டணம் செலுத்த முடியாமல் கல்லூரியை விட்டு ஓடிய பிள்ளை, கல்வியின் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணில் பட்டவர்கள் அவர்களே. அவர் எழுதிய தேற்றங்களுக்கு இணையாக நாம் அக்கடிதத்தை மதிக்கின்றோம்.

1919 மார்ச் 27 அன்று பம்பாயில் கரையிறங்கியதும், அழைத்துச் செல்ல வந்த தாயாரிடம் ஜானகி எங்கே என்றே அவர் முதலில் கேட்டார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மீண்டும் சென்னை என இடம் மாறியும் நோய் நீங்கவில்லை. அவ்வோராண்டும் ஜானகி உடனிருந்து பணிவிடை செய்தார். படுக்கையிலும் கணிதம் நிற்கவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில், போலித் தீட்டாச் சார்புகள் என்று தாம் பெயரிட்ட புதிய கண்டுபிடிப்பை அறிவித்தார். 1920 ஏப்ரல் 26 அன்று, முப்பத்திரண்டாம் வயதில், சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். கடல் கடந்தவர் என்பதால் இறுதிச் சடங்குக்கு வர மறுத்த உறவினரும் இருந்தனர்.

இறுதி ஆண்டில் அவர் எழுதிய தாள்கள் கடல் கடந்து சென்று டிரினிட்டி நூலகத்தில் உறங்கிக் கிடந்தன. 1976-இல் ஆன்டுரூஸ் என்னும் அமெரிக்க அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். உலகக் கணிதவாணர் பலர் அவற்றை ஆராய்ந்தனர். சிறிய ஓய்வூதியத்தோடு தையல் தொழிலும் செய்து திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ஜானகியம்மாள் 1994-இல் மறைந்தார். இராமானுஜன் பிறந்த நாளை 2012 முதல் நாடு தேசியக் கணித நாளாகக் கொண்டாடி வருகின்றது.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றைப் படித்தபின் மகனையோ மகளையோ வெளிநாட்டுக்கு அனுப்புதல் தகாது என்று பெற்றோர் முடிவு செய்வாராயின், நாம் சொல்ல வந்ததைச் சொல்லத் தவறியவர்களாவோம். கேம்பிரிட்ஜ் செல்லாதிருந்தால் இராமானுஜனின் கணிதம் குறிப்பேட்டோடு நின்றிருக்கக்கூடும். அவர் வாழ்வைச் சுருக்கியது கல்வியன்று. போரும், தக்க உணவின்மையும், உரிய மருத்துவமின்மையும், மனம் விட்டுப் பேச ஆளின்மையும் ஆகும். இன்று செல்வோர்க்கு இவற்றுள் பல தவிர்க்கத்தக்கவை. நாள்தோறும் வீட்டாரின் முகம் கண்டு பேசும் வசதி வந்துவிட்டது. ஆயினும் வசதி வேறு, பேசுதல் வேறு. நலமா என்ற வினாவுக்கு நலம் என்று மட்டும் விடையளிக்கும் பிள்ளைகள் இன்றும் உளர். மேலும் ஒரு வினாவைக் கேட்பது பெற்றோர் கடமை. உண்மையைச் சொல்வது பிள்ளையின் கடமை.

மாணவச் செல்வங்கள் இரண்டைக் கொள்ளலாம். ஒன்று, தெரியாததைத் தெரியாது என்று கேட்கும் துணிவு. தம் குறைகளை முதல் வரிகளிலேயே எழுதி அனுப்பிய குமாஸ்தாவுக்கு அத்துணிவு கணிதத்தில் இருந்தது. குளிரிலும் துயரிலும் இல்லாமற் போயிற்று. மற்றொன்று, கற்றதைப் பிறர் சோதித்து ஏற்கும் வண்ணம் முறைப்படுத்தும் பொறுமை.

ஆசிரியர்களாகிய நமக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒன்று உண்டு. இராமானுஜன் வாழ்வில் கதவு திறந்த இடந்தோறும் ஒரு மனிதர் நின்றார்: வீட்டில் தங்கிய கல்லூரி மாணவர், திருக்கோவிலூர்த் துணை ஆட்சியர், துறைமுகக் கணக்கர், கேம்பிரிட்ஜ் ஆசிரியர். கதவு மூடிய இடந்தோறும் ஆளில்லை. நம் ஊர்களிலிருந்து கடல் கடந்து கற்று வந்தோரும், கல்லூரியை முதலில் கண்டோரும், விடுமுறையில் ஊர் வரும் ஒரு மாலையையேனும் நம் வகுப்பறைக்குத் தருவார்களாக. விண்ணப்பம் எழுதுவது எவ்வாறு, உதவித்தொகை எங்கே, குளிர் எத்தகையது, நோயுற்றால் யாரை நாடுவது என்று எளிய செய்திகளைச் சொல்வார்களாக. படுக்கையில் கம்பளி இருக்கின்றது என்று சொல்ல ஒருவர் போதும்.